சிசி கணக்கும் ஜோகூர் கார்களும்

பெரிய இன்ஜின் காரை விற்றுவிட்டுச் சிறிய இன்ஜின் காருக்கு மாறுவது, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை அலையலையாக நடந்திருக்கிறது. போர், எண்ணெய் விலை, தேசியக் கார்த் திட்டம், நாணய நெருக்கடி என ஒவ்வொரு அலைக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களுக்கு அடியில், அரசு காரின் வலிமையை எதைக் கொண்டு அளந்தது என்ற கேள்வி எப்போதும் இருந்துவந்திருக்கிறது. வண்டி ஓட்டுபவர்களின் ஆசையைவிட அந்த அளவுகோல்தான் ஜோகூர் சாலைகளில் எந்தக் கார் ஓடும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது.

மோட்டார் வண்டி ஜோகூருக்குச் சிங்கப்பூர் வழியாக வந்தது. சிங்கப்பூரில் முதல் கார் 1896இல் இறங்கியது. அது 5 குதிரைத்திறன் கொண்ட ஒரு பென்ஸ். ஜோகூரை 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் வேட்டையிலும் மோட்டாரிலும் பெரும் பற்று உடையவர். ஆனால் நீரிணை குறுக்கே கிடந்தவரை, காரைப் படகில் ஏற்றித்தான் கடக்க வேண்டியிருந்தது. 1919இல் வேலை தொடங்கிய கடற்பாலம் 1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கல்லணைதான் ஜோகூரின் மோட்டார் வரலாற்றை உண்மையில் தொடங்கிவைத்தது. அன்று முதல் சிங்கப்பூர்ச் சந்தையில் எது விற்றதோ அது ஜோகூர் சாலையிலும் ஓடியது.

அக்காலத்து மலாயாவில் இரண்டு வகைக் கார்கள் போட்டியிட்டன. ஒன்று அமெரிக்கப் பாணி: கனமான உடல், பெரிய இன்ஜின், மண் சாலையிலும் சளைக்காத இழுவை. 1926இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட ஃபோர்டு மலாயா, கனடா ஃபோர்டின் கிளை. கனடா பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்ததால், அமெரிக்க வடிவமைப்பில் உருவான கார்கள் அதன் வழியே வரிச் சலுகையோடு உள்ளே வந்தன. மற்றொன்று இங்கிலாந்தின் சிறிய கார். அது சிறியதாகப் பிறந்ததற்கும் வரியே காரணம். பிரிட்டனில் 1921 முதல் காருக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று ஆண்டு வரி விதிக்கப்பட்டது. அந்தக் குதிரைத்திறன் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக் கண்ட அளவு அல்ல. சிலிண்டரின் விட்டத்தையும் சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் மட்டும் பெருக்கி வகுத்து எடுத்த எண். அதன்படி ஃபோர்டு மாடல் டி காருக்கு 22க்கு மேல் வந்தது. 1922இல் வெளியான ஆஸ்டின் செவனுக்கு எட்டைக்கூட எட்டவில்லை. வரி குறைய வேண்டும் என்றால் சிலிண்டர் ஒடுங்க வேண்டும். எனவே பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஒடுங்கிய, நீண்ட சிலிண்டர்களாக வடித்தார்கள். லண்டனில் எழுதப்பட்ட அந்த வாய்ப்பாட்டின் வடிவம் மலாயாவுக்குக் கப்பலேறிய ஒவ்வொரு ஆஸ்டினிலும் மோரிஸிலும் இருந்தது.

முதல் பெரிய இறக்கம் ஜப்பானிய ஆட்சியின்போது வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று புக்கித் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில்தான் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. நான்கே மாதங்களுக்கு முன் வேலை தொடங்கிய தொழிற்சாலை அது. பெட்ரோல் ஜப்பானியப் படைக்குப் போனது. எஞ்சிய கார்களிலும் பேருந்துகளிலும் கரியை எரித்து வாயு உண்டாக்கும் உருளைகள் பொருத்தப்பட்டன. கரி வாயுவின் எரியாற்றல் பெட்ரோலைவிட மிகக் குறைவு. அதே இன்ஜின் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்துவிடும். காலையில் நெருப்பு மூட்டி, வாயு சேரும்வரை காத்திருந்து கிளப்ப வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். கார் மாறாமலேயே அதன் வலிமை மட்டும் இறங்கிய காலம் அது.

போருக்குப் பின் நிலைமை இரண்டாகப் பிரிந்தது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் ஜோகூர் மிகக் கடுமையாக அடிபட்ட மாநிலங்களில் ஒன்று. லாபிஸ், குளுவாங், கூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் துரைமார் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். அந்தப் பாரத்தை இழுக்க வலுவான இன்ஜின் தேவைப்பட்டது. பட்டணத்து ஆசிரியரும் அரசாங்கக் கிராணியும் வாங்கியதோ மோரிஸ் மைனர். 1948இல் 918 சிசி இன்ஜின் கொள்ளளவோடு வந்த அந்தக் கார், 1952இல் 803 சிசிக்கு இறங்கியது. சிசி குறைந்தும் குதிரைத்திறன் 27இலிருந்து 30க்கு ஏறியது, புதிய இன்ஜினில் வால்வுகள் பக்கவாட்டிலிருந்து மேலே போனதால். சிசியும் வலிமையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய சான்று கிடைப்பது அரிது. பின்னாளில் மலேசிய வரி அட்டவணை மறந்துபோன பாடமும் இதுவே.

1965இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகு மலேசியாவுக்குத் தனிக் கார்த் தொழில் தேவைப்பட்டது. 1967இல் ஷா ஆலமில் வால்வோ கார்களைப் பொருத்தும் தொழிற்சாலை வந்தது. ஜோகூர் பாருவின் ஓரத்தில் தம்போயிலும் ஒரு பொருத்துசாலை எழுந்தது. அதை 1970களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. அங்கே வெளிவந்த வண்டிகளில் தனிக் கவனம் பெற வேண்டியது ஹரிமாவ். மலாய்ப் பெயர் புலி என்றாலும், அதற்குள் இருந்தது வாக்ஸ்ஹால் வீவாவின் 1,256 சிசி இன்ஜின். தகடுகளை வளைப்பதற்குப் பெரிய அழுத்த இயந்திரம் தேவைப்படாத வகையில், தட்டையான பாகங்களாக அது வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆசிய நாடுகளுக்கென்றே தீட்டிய எளிய சரக்கு வண்டித் திட்டத்தின் மலேசியப் பிள்ளை அது. பிலிப்பைன்ஸில் அதற்கு ஹரபாஸ் என்று பெயர். அன்று உலகின் மிகப் பெரியதாக இருந்த கார் நிறுவனம் தன் மிக எளிய வண்டிகளில் ஒன்றை ஜோகூரில் பொருத்தியது என்பது இந்த மாநிலத்தின் தொழில் வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி. ஆனாலும் ஹரிமாவ் நிலைக்கவில்லை. 1980 வாக்கில் தொழிற்சாலை ஓரியன்டல் குழுமத்தின் கைக்கு மாறியது. ஹோண்டா மோட்டார் சைக்கிளை மலாயாவுக்குக் கொண்டுவந்த பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூவின் குழுமம் அது. அதன்பின் தம்போயில் ஹோண்டா கார்கள் பொருத்தப்பட்டன.

இடையில் 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை உயர்ந்தபோது பிரிட்டிஷ் கார்களின் இடத்தை ஜப்பானியச் சிறு கார்கள் விரைவாகப் பிடித்தன. டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா, ஹோண்டா சிவிக் எல்லாம் 1,200 சிசியை ஒட்டியவை. இவற்றின் கவர்ச்சி வேகத்தில் இல்லை. காலையில் ஒரு திருப்பில் கிளம்பும், உதிரி பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். தோட்டத்துத் தமிழர்களுக்கு அன்றைக்குக் கார் இன்னும் எட்டாத பொருள். அவர்களுடைய வாகனம் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஏறி, ரங்கம் சந்தைக்கோ சிகாமட் கோயில் திருவிழாவுக்கோ போய்வரும் வண்டி.

அதே காலத்தில் நெடுந்தூர டாக்சியில் ஒரு விசித்திரம் இருந்தது. ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கும் மலாக்காவுக்கும் ஓடியவை பெரும்பாலும் டீசல் மெர்சிடீஸ் கார்கள். நான்கு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். பெயரும் உருவமும் கம்பீரம், இன்ஜின் 1,988 சிசி. ஆனால் 1970களின் 200டி தந்தது 55 குதிரைத்திறன்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடம் பிடிக்கும். பின்னாளில் அந்த இடத்துக்கு 1,300, 1,500 சிசி புரோட்டான்கள் வந்தபோது, பயணிகள் பெரிய காரிலிருந்து சிறிய காருக்கு இறங்கியதாகவே எண்ணினார்கள். உள்ளே இடம் சுருங்கியது உண்மை, சிசியும் குறைந்தது. இன்ஜின் வலிமையில் அவர்கள் ஏறியிருந்தார்கள்.

புரோட்டான் சாகா 1985 ஜூலை 9 அன்று வெளியானது. மிட்சுபிஷியின் வடிவமைப்பு, 1,300 சிசி இன்ஜின். இறக்குமதிக் கார்களுக்கு உயர்ந்த வரி, தேசியக் காருக்குச் சலுகை என்ற கொள்கையின் மூலம் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது மலேசிய நடுத்தர வர்க்கத்தை ஒரே அளவுக் காருக்குள் கொண்டுவந்தார். முன்பு இரண்டு லிட்டர் பியூஜோவோ வால்வோவோ வைத்திருந்த வீடு, வண்டி பழுதானபோது அதேபோல் புதிது வாங்க முடியாமல் சாகாவுக்கு வந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது இறக்கம்.

அடுத்த அடி இன்னும் கீழே. 1993இல் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனம் 1994 ஆகஸ்ட்டில் கஞ்சில் காரை வெளியிட்டது. டைஹாட்சு மீராவை ஒட்டியது. மூன்று சிலிண்டர், 660 சிசி, 31 குதிரைத்திறன். சுமார் 23 கிலோவாட். அதே ஆண்டு செப்டம்பரில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்டது. தேசியக் கார்களிலேயே மிகச் சிறிய இன்ஜினும் நாட்டின் மிக வேகமான சாலையும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேக வரம்பை எட்டுவதற்குக் கஞ்சில் தன் முழு மூச்சையும் செலவழிக்க வேண்டும்.

வலுவான காரை ஓட்டிப் பழகியவருக்கு உண்மையான வேறுபாடு தெரிந்தது கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் கூட்டரசுச் சாலையில்தான். இருபுறமும் செம்பனை, ஒரு திசைக்கு ஒரு தடம், முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. இரண்டு லிட்டர் காரில் எதிரே சாலை தெரிந்ததும் காலை அழுத்தினால் போதும், லாரி பின்னால் போய்விடும். கஞ்சிலில் அது ஒரு திட்டம். லாரியை ஒட்டிப் போகாமல் நாலைந்து கார் நீளம் பின்தங்க வேண்டும். ஏர்கோனை அணைக்க வேண்டும், ஏனென்றால் அதன் கம்ப்ரெசர் இன்ஜினின் வலிமையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். மூன்றாவது கியருக்கு இறக்கி, வளைவு முடியும் முன்பே வேகம் சேர்த்து, சாலை திறக்கும்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியாக வெளியே வர வேண்டும். எதிரே ஒரு புள்ளி தெரிந்தாலும் விட்டுவிட வேண்டும். வலிமை குறைந்த கார் ஓட்டுபவரிடம் முன்யோசனையைக் கேட்கிறது. இருக்கும் வேகத்தை வீணாக்காமல் காப்பது, தூரத்தைக் கணிப்பது, பொறுப்பது ஆகிய மூன்றும் கைவந்தவர்கள் கஞ்சிலில் பாதுகாப்பாகவே ஓடினார்கள். பழைய காரின் பழக்கத்தோடு புதிய காரை ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலை ஆபத்தானது.

கஞ்சிலை இறக்கம் என்று மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் ஆகும். 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் நிலமாக விற்கப்பட, தமிழ்க் குடும்பங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், உலு திராம் பக்கம் குடிபெயர்ந்து தொழிற்சாலை வேலைக்குப் போயின. மழையில் நனைந்தபடி பிள்ளையைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோன தகப்பனுக்கு, கதவும் கூரையும் உள்ள 660 சிசி என்பது பெரிய ஏற்றம். ஒரே விற்பனைக் கூடத்தில் ஒருவர் இறங்கிவந்து வாங்கினார், மற்றவர் ஏறிவந்து வாங்கினார். 1997இல் நாணய நெருக்கடி வெடித்தபோது இறங்கிவருபவர்கள் கூடினார்கள். மலேசியாவின் மொத்த வாகன விற்பனை 1997இல் 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1998இல் சுமார் 1.64 லட்சமாகச் சரிந்தது. கடன் கிடைக்காத அந்த ஆண்டில் புதுக் கார் வாங்க முடிந்தவர்களுக்கும் சிறிய காரே கட்டுப்படியானது. 2005இல் பெரோடுவா மைவி வந்தது. மறு ஆண்டே பெரோடுவா விற்பனையில் புரோட்டானை முந்தியது.

இத்தனைக்கும் அடியில் இருந்தது சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு இன்றுள்ள அட்டவணையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1,200 வரை 55, 1,400 வரை 70, 1,600 வரை 90. அதுவரை படிக்கட்டு, அதற்கு மேல் செங்குத்தான ஏற்றம். 1,800ஐத் தாண்டினால் 280 ரிங்கிட்டும் மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 காசும். 2,000க்கு மேல் 380 ரிங்கிட்டும் சிசிக்கு ஒரு ரிங்கிட்டும். 2,500க்கு மேல் சிசிக்கு இரண்டரை, 3,000க்கு மேல் நாலரை ரிங்கிட். ஆக 1,997 சிசி காருக்கு 378.50 ரிங்கிட், 2,354 சிசி காருக்கு 734, 3,456 சிசி காருக்கு 4,182. கஞ்சிலுக்கு 20 ரிங்கிட்டோடு முடிந்தது. கலால் வரியும் சிசி ஏற ஏற ஏறும். 2017 ஜூலையில் கட்டண விதிகள் தளரும்வரை முழுக் காப்பீட்டுச் சந்தாவும் காரின் மதிப்போடு சிசியையும் பார்த்தே கணக்கிடப்பட்டது. பழைய ஐரோப்பியக் கார்கள் மலிவு விலைக்குக் கிடைத்தும் பலர் தயங்கியதற்குக் காரணம் வாங்கும் விலை அல்ல, ஆண்டுதோறும் வரும் இந்தத் தாள்தான்.

உதவித்தொகைக்கும் அதே கோடு. 2008 ஜூன் 5 அன்று பெட்ரோல் லிட்டர் 1.92 ரிங்கிட்டிலிருந்து ஒரே இரவில் 2.70 ஆனது. ஈடாக, 2,000 சிசி வரையிலான தனியார் காருக்கு 625 ரிங்கிட் ரொக்கம் என்று அப்துல்லா படாவி அரசு அறிவித்தது. அதைத் தாண்டிய காருக்கு ரொக்கம் இல்லை, சாலை வரியில் 200 ரிங்கிட் கழிவு மட்டும். அஞ்சலகங்களில் வரிசை நீண்டது. ஆண்டு முடிவதற்குள் விலை 1.80க்கு இறங்கிவிட்டாலும், அந்த ஆறு மாதம் பெரிய கார்களின் பழைய சந்தையை உலுக்கிவிட்டது.

ஜோகூர் மற்ற மாநிலங்களிலிருந்து வேறுபடுவது எல்லையால். கடற்பாலத்துக்கு அப்பால் வேறு நாணயம், வேறு வரி, வேறு அளவுகோல். மலிவான மலேசிய எண்ணெயை நிரப்பத் தன் மக்கள் ஜோகூருக்குப் போவதைக் குறைக்க, சிங்கப்பூர் 1989இல் அரைத் தொட்டி விதியையும் 1991இல் முக்கால் தொட்டி விதியையும் கொண்டுவந்தது. மலேசியா தன் பங்குக்கு 2010இல் வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு உதவித்தொகை பெறும் ரான்95 பெட்ரோலை விற்கத் தடை விதித்தது. 1990 மே மாதம் முதல் சிங்கப்பூரில் கார் வாங்க உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அங்கும் பிரிவுகள் முதலில் சிசியைக் கொண்டே வகுக்கப்பட்டன; சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 1,600 சிசி வரை என்று நிலைத்தது.

பின்னாளில் டர்போ வந்தது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ, சிறிய இன்ஜினைப் பெரிய இன்ஜினைப் போல உழைக்க வைக்கும். 1.6 லிட்டர் டர்போ பொருத்திய சொகுசு ஐரோப்பியக் கார்கள் சிங்கப்பூரில் சாதாரணக் குடும்பக் காரோடு ஒரே ஏலத்தில் நின்றன. சிங்கப்பூர் விதியைத் திருத்தியது: 2014 பிப்ரவரி முதல் ஏ பிரிவுக்கு 1,600 சிசியோடு 97 கிலோவாட் என்ற உச்சவரம்பும் சேர்ந்தது. உடனே சில நிறுவனங்கள் அதே காரை, வலிமை குறைத்த இன்ஜினோடு அந்த வரம்புக்குள் விற்கத் தொடங்கின. அளவுகோல் மாறியதும் இன்ஜின் மாறியதற்கு நேரடிச் சாட்சி அது. வார இறுதியில் கடற்பாலம் தாண்டி ஜோகூருக்கு வரும் வண்டிகளில் அவையும் இருந்தன.

மலேசியா பெட்ரோல் கார்களுக்குச் சிசியை விடவில்லை. விளைவு தலைகீழ். 2016 ஜூனில் வந்த ஹோண்டா சிவிக் 1.5 டர்போ 173 குதிரைத்திறன் தந்தது. அதற்கு முந்தைய இரண்டு லிட்டர் சிவிக்கின் வலிமை 155 மட்டுமே. ஆண்டு வரி 378.50இலிருந்து 90 ரிங்கிட்டாக விழுந்தது. 2020இல் வந்த அக்கார்டு 1.5 டர்போவுக்கு 201 குதிரைத்திறன்; முன்னிருந்த 2.4 லிட்டர் இன்ஜினுக்கு 175. வரி அதே 90. அதே ஆண்டின் புரோட்டான் எக்ஸ்50 மூன்று சிலிண்டரிலேயே 177 குதிரைத்திறன் வரை எட்டியது. தாளில் பார்த்தால் ஜோகூரின் நடுத்தர வர்க்கம் சிறிய இன்ஜினுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. சாலையில் அது முன்னைவிட வலுவான காரை ஓட்டுகிறது. குறைந்த வருமானக் குடும்பத்தின் 998 சிசி ஆக்சியாவுக்கு 20 ரிங்கிட், 201 குதிரைத்திறன் சொகுசுக் காருக்கு 90 ரிங்கிட் என்பது நியாயமான விகிதம் அல்ல. எளியவருக்குச் சலுகை தரவென்று வைத்த கோடு, தொழில்நுட்பம் வளர்ந்ததும் வசதியுள்ளவருக்குப் பெரும் சலுகையாக மாறிவிட்டது.

இந்தக் கணக்கை உடைத்தது மின்கார். அதற்குச் சிலிண்டர் இல்லை, சிசியும் இல்லை. 2022 முதல் 2025 முடியும்வரை மலேசியாவில் மின்கார்களுக்குச் சாலை வரி விலக்கு அளிக்கப்பட்டது. அதன் பிறகு அவற்றுக்கு மோட்டாரின் கிலோவாட்டைக் கொண்டு வரி. 2024 டிசம்பரில் வந்த புரோட்டான் இ-மாஸ் 7 காரின் மோட்டார் 160 கிலோவாட், ஏறத்தாழ ஏழு கஞ்சில் இன்ஜின்களின் வலிமை. வலிமை குறைந்த மின்காரை எடுப்பவருக்கு இனி வரியும் உண்மையிலேயே குறையும். பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்குச் சிசி அட்டவணை தொடர்கிறது. ஜோகூரின் ஜே எண்தகடு தாங்கிய வண்டிகள் இப்போது இரண்டு அளவுகோல்களின் கீழ் ஒரே சாலையில் ஓடுகின்றன.